டெல்லிக் குளிரில் ஏர் ரைபிள் பெல்லட்: நான்கு குளிர்கால அனுபவம்

ஜனவரி மாதம், காலை ஆறரை மணி. தெற்கு டெல்லியில் ஒரு வணிகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறது நான் போகும் பத்து மீட்டர் ஏர் ரைபிள் (காற்றுத் துப்பாக்கி) சுடும் ரேஞ்ச். சுவரில் மாட்டியிருக்கும் வெப்பமானி 7 டிகிரி காட்டும். பெல்லட் டப்பாவின் மூடியைத் திருகும்போது தகரம் விரல் நுனியில் ஒட்டிக்கொள்வது போலிருக்கும். உள்ளே ஐந்நூறு ஈயக் குண்டுகள், ஒவ்வொன்றும் அரை கிராமுக்குக் கொஞ்சம் மேல். அதில் ஒன்றை எடுத்துக் குழலின் வாயில் வைப்பதற்குள் இரண்டு கீழே விழுந்து உருண்டு ஓடும்.

நவம்பர் பிறந்துவிட்டால் ரேஞ்சுக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "குளிருக்கு எந்த பெல்லட் வாங்கலாம்?" நானும் இதே கேள்வியோடுதான் ஆரம்பித்தேன். விடை கிடைக்க இரண்டு குளிர்காலம் ஆனது. மூன்றாவதிலும் நான்காவதிலும் அதைச் சோதித்துப் பார்த்திருக்கிறேன். டெல்லியில் தமிழ்ப் பிள்ளைகள் இப்போது நிறையப் பேர் இந்த விளையாட்டுக்கு வருகிறார்கள். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ உலகக் கோப்பையில் பத்து மீட்டர் ஏர் ரைபிளில் தங்கம் வாங்கியதிலிருந்து நம் வீடுகளிலும் இதைப் பற்றிப் பேச்சு வருகிறது. ஆனால் தமிழில் இதையெல்லாம் எழுதிவைத்தவர்கள் குறைவு. அதனால் என் நோட்டில் இருப்பதை எடுத்து எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது பழைய ஃபைன்வெர்க்பாவ் 700 ரைபிள். இரண்டாம் கையாக வாங்கியது. 4.5 மில்லிமீட்டர் குழல், அழுத்தக் காற்றுச் சிலிண்டர். இந்தியாவில் இந்த அளவுக் குழலும் குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்கு உட்பட்டும் இருந்தால் ஆயுத உரிமம் தேவையில்லை. போட்டி ரைபிள்கள் எட்டு ஜூலைக்கூடத் தொடுவதில்லை. வாரத்துக்கு நானூறு குண்டு போல அடிப்பேன். ஒரு குளிர்காலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு டப்பா தீரும்.

போட்டிக்கான பெல்லட் தட்டைத் தலை வைத்தது, காகிதத்தில் வட்டமாக, சுத்தமாக ஓட்டை போடத்தான் அப்படி. நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்கி, பின்னால் ஸ்கர்ட் என்று சொல்லும் மெல்லிய ஓரம் விரியும். காற்று பின்னாலிருந்து தள்ளும்போது அந்த ஓரம்தான் விரிந்து குழலோடு ஒட்டிக் காற்றை அடைக்கும். தலைதான் குழலின் வரிகளில் ஏறிச் சுழலும். டப்பாவின் மேல் 4.49, 4.50, 4.51 என்று போட்டிருப்பது இந்தத் தலையின் விட்டம். குறியின் பத்தாம் வட்டம் அரை மில்லிமீட்டர்தான், பெல்லட்டோ அதைப்போல் ஒன்பது மடங்கு அகலம். நடுவிலிருந்து ஒவ்வொரு கால் மில்லிமீட்டர் விலகலுக்கும் 0.1 புள்ளி குறையும். 10.9இல் ஆரம்பித்து அப்படி இறங்கிக்கொண்டே வரும். அறுபது குண்டுக்கு இதைக் கூட்டிப் பார்த்தால்தான் பெல்லட்டைப் பற்றி ஏன் இவ்வளவு கவலைப்படுகிறோம் என்பது புரியும்.

முதல் குளிர்காலம் வந்தபோது அக்டோபரில் அறுபது குண்டுக்கு என் சராசரி ஸ்கோர் 613. டிசம்பர் நடுவில் 604. நிற்கும் முறையில் எதுவும் மாறவில்லை. கோச் வீடியோ எடுத்துப் பார்த்துவிட்டு, "பேட்டா, டெக்னிக் டீக் ஹை" (உன் டெக்னிக் சரியாகத்தான் இருக்கிறது) என்று சொல்லிவிட்டார். அப்படியானால் பெல்லட்தான் என்று முடிவு கட்டினேன்.

இந்த நினைப்பு எனக்கு வந்த வழியையும் சொல்ல வேண்டும். பெரியப்பா மகன் அமெரிக்காவில் மினசோட்டாவில் இருக்கிறார். அங்கே அவர் மசில்லோடர் என்ற வகைத் துப்பாக்கியில் குறி பார்த்துச் சுடுகிறவர். குழலின் வாய்ப்பக்கமாக வெடிமருந்தையும் குண்டையும் கோலால் இடித்து இறக்கும் பழைய முறைதான், ஆனால் அவருடையது புகையில்லா மருந்தைத் தாங்குவதற்கென்றே செய்த சாவேஜ் 10எம்எல்-2. சாதாரண மசில்லோடரில் அந்த மருந்தைப் போட்டால் குழல் வெடித்துவிடும், அதை விளையாட்டாகக்கூடச் செய்யக்கூடாது. அவர் குழல் 0.50 அங்குலம், குண்டு 0.45. இடையில் இருக்கும் இடைவெளியை சபாட் என்ற பிளாஸ்டிக் உறை அடைக்கிறது. "குளிர் வந்தா சபாட் விறைச்சுக்கும்மா. இறக்கவே உயிர் போகும். நாங்க இறுக்கத்துக்குத் தகுந்த மாதிரி சபாட்டை மாத்துவோம். ஹார்வெஸ்டர் கம்பெனி சபாட்ல க்ரஷ் ரிப்னு ஒண்ணு வருது, அது கொஞ்சம் லேசா இறங்கும். நீயும் குளிருக்கு ஒரு சைஸ் மாத்திப் பாரேன்" என்றார். அண்ணன் அனுபவஸ்தர். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. குளிரில் ஈயம் சுருங்கும், அதனால் காற்று கசியும், அதனால் ஒரு சைஸ் பெரிதாகப் போக வேண்டும் என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டேன்.

அந்த ஒரு குளிர்காலத்தில் வாங்கிய வகைகள்: ஆர்டபிள்யூஎஸ் ஆர்10 மேட்ச் 0.53 கிராம், மூன்று தலை அளவுகளில், எச் அண்ட் என் ஃபினாலே மேட்ச், ஜேஎஸ்பி, சீனத்து கியூஒய்எஸ். வாரத்துக்கு ஒன்றாக மாற்றினேன். ஒரு வாரம் 608 வரும், அடுத்த வாரம் அதே டப்பாவில் 601. மேஜையில் பாதி தீர்ந்த டப்பாக்கள் ஒன்பது நின்றன. எது நல்லது என்று மட்டும் தெரியவில்லை.

இரண்டாவது குளிர்காலத்தின் தொடக்கத்தில் ரேஞ்சில் ஆயுதங்களைப் பழுது பார்க்க ஒருவர் வந்து சேர்ந்தார். ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர், ஆற்காட்டுப் பக்கம். எல்லாரும் சுபேதார் சாப் என்பார்கள். நான் ஐயா என்பேன். என் ஒன்பது டப்பாக்களைப் பார்த்துவிட்டு அவர் கேட்டது: "ஏம்மா, பெல்லட்ட மாத்திக்கிட்டே இருக்கியே, ரைபிள ஒரு தடவ கட்டிப்போட்டு அடிச்சுப் பாத்தியா?"

கட்டிப்போட்டு அடிப்பது என்றால், கனமான இரும்பு மேஜையில் பிடிப்பான் வைத்து, இரண்டு பக்கமும் தோல் கொடுத்து ரைபிளை இறுக்கிவிட்டு, மனிதர் கை படாமல் அடிப்பது. அப்போது விழும் ஓட்டையில் என் நிலை, மூச்சு, பார்வை எதுவும் கலக்காது. பத்துக் குண்டும் ஒரே ஓட்டையில் விழ வேண்டும். அந்த ஓட்டையின் வெளி அகலத்தை வெர்னியரால் அளக்க வேண்டும். பத்தும் ஒன்றின் மேல் ஒன்றாகத் துல்லியமாக விழுந்தால் 4.5 மில்லிமீட்டர் வரும். அது நடக்காது. ஆறுக்குள் வந்தால் நல்ல பெல்லட், ஏழைத் தாண்டினால் அந்த டப்பா பயிற்சிக்கு மட்டும். இதுதான் ஐயாவின் அளவுகோல், நானும் இன்றுவரை அதையே வைத்திருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதற்கே செலவிட்டோம். காலை ஏழு மணிக்கு அறை 8 டிகிரி. ஒரே நிறுவனத்தின் ஒரே எடை, தலை அளவு மட்டும் வேறு. 4.49க்கு 6.4 மில்லிமீட்டர் வந்தது. 4.50க்கு 5.7. 4.51க்கு 6.2. மதியம் இரண்டு மணிக்கு வெயில் ஏறி, கதவைத் திறந்துவைத்து, அறை 19 டிகிரி ஆனதும் மறுபடி அதே வரிசையில் அடித்தோம். 6.3, 5.6, 6.3. என் குழலுக்கு 4.50 பிடிக்கிறது. குளிரிலும் அதுதான், வெயிலிலும் அதுதான்.

அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். செப்டம்பரில் 32 டிகிரி, ஜனவரியில் 7, வித்தியாசம் 25. ஈயம் ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 29 பங்கு சுருங்கும், உருக்கு 12 பங்கு. 4.5 மில்லிமீட்டர் தலையும் அதே அளவுக் குழலும் சுருங்கிய பிறகு இரண்டுக்கும் இடையில் வரும் வித்தியாசம் 0.002 மில்லிமீட்டர். டப்பாக்களுக்கு இடையே தலை அளவு ஏறுவது 0.01. ஒரு சைஸின் ஐந்தில் ஒரு பங்குதான் குளிரின் வேலை. அதற்காக நான் ஒரு முழு சைஸ் ஏறியிருக்கிறேன்.

அண்ணன் சொன்னதிலும் பிழையில்லை. அவர் கையில் இருப்பது பிளாஸ்டிக். அது உருக்கைவிடப் பத்து மடங்கு அளவுக்குச் சுருங்கும், விறைக்கவும் செய்யும். மைனஸ் இருபதில் சபாட்டை மாற்றுவது அவருக்குத் தேவை. ஈயத்துக்கும் டெல்லியின் 7 டிகிரிக்கும் அந்த வைத்தியம் பொருந்தாது.

அப்படியானால் 613 எப்படி 604 ஆனது? இதற்கும் அன்று காலையே விடை கிடைத்திருந்தது. கட்டிப்போட்ட ரைபிளில் முதலில் ஐந்து குண்டு அடித்தபோது ஓட்டை வட்டமாக இல்லை, மேலும் கீழுமாக நீண்டு 8 மில்லிமீட்டர் இருந்தது. ஐயா அந்த அட்டையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். "பக்கவாட்டுல சுத்தமா இருக்கு பாரு. கீழ மட்டும் தொங்குது. இது காத்தோட கோளாறு, குண்டோடது இல்ல." வேகமானியை எடுத்து வாயருகே வைத்தார். முதல் குண்டு நொடிக்கு 166 மீட்டர். இரண்டாவது 167. எட்டாவதில்தான் 171க்கு வந்து நின்றது.

பத்து மீட்டர் தூரத்தைக் கடக்க பெல்லட்டுக்கு நொடியில் நூற்றில் ஆறு பங்கு ஆகிறது. அதற்குள் புவியீர்ப்பு அதை 17 மில்லிமீட்டர் போலக் கீழே இழுத்துவிடும். 171க்கும் 166க்கும் இடையில் அந்த இறக்கம் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் மாறும். கால் மில்லிமீட்டருக்கு 0.1 புள்ளி என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு 0.4. நான் குளிரில் சீக்கிரம் முடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும் என்று நாலே நாலு சைட்டர் (கணக்கில் சேராத சோதனைக் குண்டு) அடித்துவிட்டு ஸ்கோருக்குப் போய்க்கொண்டிருந்தேன். அந்த நாலும் தாழ்ந்த குண்டுகள். அதைப் பார்த்து சைட்டை, அதாவது குறி பார்க்கும் கருவியை, மேலே திருகுவேன். ஸ்கோரில் வேகம் ஏறியதும் எல்லாம் மேலே போகும். மறுபடி கீழே திருகுவேன். ஒரு மணி நேரமும் இதையே துரத்திக்கொண்டிருந்திருக்கிறேன். பெல்லட் மாற்றிய வாரங்களில் ஸ்கோர் ஏறி இறங்கியதற்கும் காரணம் இதுதான், அன்று எத்தனை சைட்டர் அடித்தேன் என்பதுதான்.

ரைபிளைப் பிரித்தபோது, காற்று கசியாமல் அடைக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையங்கள் காய்ந்த திராட்சை மாதிரி இறுகிப்போயிருந்தன. ரப்பர் வயதாகி விறைத்துவிட்டால் கோடையில் எப்படியோ ஓட்டிவிடும், குளிரில் காட்டிக்கொடுக்கும். முழு சர்வீஸ் செய்த பிறகு முதல் குண்டு 169, மூன்றாவதிலேயே 171. அந்த ஜனவரியில் சராசரி 611க்கு வந்தது. பெல்லட்டுக்காக நான் செலவழித்த தொகையில் பாதிகூட சர்வீஸுக்கு ஆகவில்லை. இரண்டாம் கை ரைபிள் வாங்குகிறவர்கள் பெல்லட்டைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அப்படியே சிலிண்டரின் மேல் பொறித்திருக்கும் தேதியையும் பாருங்கள். சிலிண்டர்களுக்குப் பத்து வருட ஆயுள் என்று பொதுவாகத் தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். அது தாண்டிய சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தைக் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது.

சிலிண்டர் பற்றி இன்னொன்று. மதியம் 20 டிகிரியில் 200 பார் அடைத்து வைத்துவிட்டு, மறுநாள் காலை 5 டிகிரியில் முள்ளைப் பார்த்தால் 190 காட்டும். கசிவு என்று பயந்து பலர் ரைபிளைக் கழற்றுகிறார்கள். காற்று குளிர்ந்து அழுத்தம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். அறை சூடானதும் முள் தானாக ஏறும்.

சரி, பெல்லட்டுக்கு வருகிறேன். எதை வாங்கினாலும் ஒன்றுதான் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பெல்லட்டுக்குப் பெல்லட் வித்தியாசம் இருக்கிறது. குளிர் அந்த வரிசையை மாற்றுவதில்லை, அதுதான் என் அனுபவம். என் குழலில் ஆர்10 மேட்ச் 0.53 கிராம், 4.50 தலை, மூன்று குளிர்காலமாகப் போட்டிக்கு அதுவே. விரலால் தள்ளும்போது ஒரே அழுத்தத்தில் உட்காரும், பின்னோரம் குழல் வாயோடு சமமாக நிற்கும். ஃபினாலே மேட்சும் எனக்கு ஆறுக்குள் வந்தது. ஆர்10 கிடைக்காத மாதங்களில் அதை வைத்து மாநிலப் போட்டியே அடித்திருக்கிறேன், குறை சொல்ல எதுவுமில்லை. கியூஒய்எஸ் என் தோழியின் வால்தர் எல்ஜி 400இல் 5.4 போட்டது. அவள் ரைபிளில் வேறு எதுவும் அந்த அளவுக்கு வரவில்லை. என் குழலில் அது 6.3. இதில் எந்த நிறுவனத்துக்கும் பெருமையும் இல்லை, சிறுமையும் இல்லை. குழலுக்குக் குழல் பொருத்தம் மாறுகிறது. அவள் டப்பாவைப் பார்த்து நான் வாங்கினாலும், என் டப்பாவைப் பார்த்து அவள் வாங்கினாலும் இரண்டு பேருக்கும் நஷ்டம்.

பெயரைவிட லாட் நம்பர் முக்கியம். டப்பாவின் அடியிலோ பக்கத்திலோ சின்னதாக அச்சிட்டிருப்பார்கள். ஒரே லாட் என்றால் ஒரே அச்சில் ஒரே காலத்தில் செய்தவை. ஒரே பெயர், ஒரே அளவு, வேறு லாட் என்றால் என் குழலில் 5.6க்கும் 6.5க்கும் இடையில் மாறியிருக்கிறது. அதனால் முதலில் ஒரு டப்பா வாங்கிக் கட்டிப்போட்டு அடித்துப் பார்ப்பேன். பிடித்திருந்தால் அன்றைக்கே கடைக்காரரிடம் அந்த லாட்டில் எத்தனை இருக்கிறது என்று கேட்டு எடுத்துவிடுவேன். அடுத்த மாதம் போனால் வேறு லாட் வந்திருக்கும்.

ஒரு சமயம் இணையத்தில் மூன்று டப்பா வரவழைத்தேன். வழியில் யாரோ தூக்கிப் போட்டிருக்க வேண்டும், டப்பாவின் ஓரம் நசுங்கியிருந்தது. உள்ளே மேலே வைக்கும் பஞ்சு இல்லை. குண்டுகள் ஒன்றோடொன்று மோதி, ஸ்கர்ட் ஓரங்கள் முட்டை வடிவமாகியிருந்தன. கண்ணாடித் தகட்டின் மேல் ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தேன். நல்ல குண்டு சீரான வளைவில் வட்டமடித்து வரும், நசுங்கியது தத்தித் தத்திப் போகும். ஒரு டப்பாவில் நாற்பதுக்கு மேல் தத்தின. அனுப்பியவர்கள் மாற்றித் தர மறுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து கடையில் நேரில் வாங்கி, மூடியைத் திறந்து பஞ்சு இருக்கிறதா என்று பார்த்து, மடியில் வைத்துக் கொண்டுவருகிறேன். டப்பாவிலிருந்து தட்டுக்குக் கொட்டுவதும் கிடையாது. கரண்டியால் அள்ளுவது போல மெதுவாக எடுத்து, ஓட்டை போட்ட பலகையில் தலை கீழாக நிறுத்திவைப்பேன்.

எடை பார்த்துப் பிரிப்பதையும் ஒரு குளிர்காலம் செய்தேன். ஆயிரத்தில் ஒரு கிராம் காட்டும் தராசு வாங்கி, ராத்திரி உட்கார்ந்து இருநூறு இருநூறாகப் பிரித்தேன். நல்ல லாட்டில் பிரித்ததும் பிரிக்காததும் ஒரே ஓட்டைதான் போட்டன. அந்த நேரத்தில் தூங்கியிருந்தால் ஸ்கோர் ஏறியிருக்கும். தராசை நிறுத்திவிட்டேன்.

குளிரில் பெல்லட்டுக்கு உண்மையான எதிரி நம் விரல்தான். மரத்துப்போன விரலுக்கு எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியாது. நான் ஒருநாள் ஃபோனில் என் கையையே கிட்டத்தில் படம் பிடித்துப் பார்த்தேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பெல்லட்டின் ஸ்கர்ட்டைப் பிடித்துத் திருப்பும்போது அந்த மெல்லிய ஓரம் லேசாக உள்ளே வளைவது தெரிந்தது. ஈயம் மெழுகு மாதிரி, ஒருமுறை வளைந்தால் வளைந்ததுதான். நான் பார்த்துப் பார்த்து வாங்கிய லாட்டை நானே நசுக்கிக்கொண்டிருந்தேன். இப்போது தலைப் பக்கம் பிடித்து எடுக்கிறேன், நேராகக் குழல் வாயில் வைத்து, விரலின் சதைப் பகுதியால் ஒரே தள்ளு. வலது கைக்கு விரல் நுனி வெட்டிய கம்பளிக் கையுறை. குண்டுக்குக் குண்டு இடையில் அந்தக் கை, இடுப்பில் கட்டிய சின்ன வெந்நீர்ப் பைக்குள் போய்விடும். இதற்கு அம்மா வீட்டில் வயிற்று வலிக்கு வைக்கும் ரப்பர் பைதான், வேறு எதுவும் வாங்கவில்லை.

ட்ரிகரும் அப்படித்தான். ஏர் ரைபிளில் ட்ரிகரை இழுக்கத் தேவையான அழுத்தத்துக்கு, எடை என்று சொல்வோம், குறைந்தபட்ச விதி இல்லை, அதனால் பலர் நூறு கிராமுக்கும் கீழே வைத்திருப்பார்கள். விரல் மரத்துப்போனால் இழுப்பின் முதல் கட்டம் முடிந்து இரண்டாம் கட்டம் தொடங்கும் இடமே தெரியாது, நினைப்பதற்குள் குண்டு கிளம்பிவிடும். டிசம்பர் முதல் பிப்ரவரி நடு வரை எடையைக் கொஞ்சம் கூட்டிவைக்கிறேன். கோச்சுக்கு இதில் உடன்பாடில்லை, பழக்கம் கெடும் என்பார். எனக்கு 9.2, 8.7 என்று மோசமான குண்டுகள் விழுவது நின்றது இதனால்தான், அதனால் விடமாட்டேன்.

வெளியிலிருந்து கொண்டுவந்த ரைபிளை உடனே பெட்டியிலிருந்து எடுக்கக் கூடாது. ராத்திரி முழுக்கக் காரிலோ பால்கனியிலோ கிடந்த இரும்பு, ஆட்கள் நிறைந்த வெதுவெதுப்பான அறைக்குள் வந்ததும் வேர்க்கும். சைட்டின் கண்ணாடியில், குழல் வாயில், எல்லா இடத்திலும் ஈரம் பூக்கும். பெட்டியை மூடியபடியே அறைக்குள் அரை மணி நேரம் வைத்துவிட்டு, அதற்குள் ஜாக்கெட்டை மாட்டி உடலைச் சூடாக்கிக்கொள்வேன். பெல்லட் டப்பாவும் அதன் பக்கத்திலேயே இருக்கும். ஹீட்டருக்கு முன்னால் பெல்லட்டைக் காயவைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அதில் ஒரு பயனும் இல்லை. ரைபிளும் பெல்லட்டும் அறையும் ஒரே சூட்டில் இருந்தால் போதும். அப்புறம் சைட்டர். பதினைந்து நிமிட நேரத்தில் எத்தனை வேண்டுமானாலும் அடிக்க விதி அனுமதிக்கிறது. குளிரில் பன்னிரண்டுக்குக் குறைந்து நான் ஸ்கோருக்குப் போவதில்லை. முதல் ஐந்தைப் பார்த்து சைட்டைத் தொடுவதும் இல்லை.

கை கழுவுவதைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. பெல்லட் எடுக்கும் விரல்களில் கறுப்பாக ஒட்டுவது ஈயம். ஜனவரியில் ரேஞ்சின் குழாய்த் தண்ணீர் கையைக் கடிக்கும், அதனால் நிறையப் பேர் கழுவாமலேயே டீயும் ரஸ்க்கும் எடுக்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளைகள்கூட. ஈயம் உடம்பில் சேர்ந்தால் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத்தான் முதலில் தாக்கும். நான் ஒரு ஃபிளாஸ்க்கில் வெதுவெதுப்பான தண்ணீரும் சோப்பும் கொண்டுபோய் வாசலில் வைக்கிறேன். பெற்றோர்கள் முறை வைத்து இப்போது அவர்களும் கொண்டுவருகிறார்கள். பெல்லட்டை வாயில் வைத்துக்கொண்டு லோடு செய்யும் பழக்கம் சில பிள்ளைகளிடம் இருக்கிறது. அதைப் பார்த்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

போன குளிர்காலத்தில் துக்ளகாபாத் கர்ணி சிங் ரேஞ்சில் ஐம்பது மீட்டர் .22 (0.22 அங்குலக் குழல், தோட்டா போட்டுச் சுடும் ரைபிள்) பயிற்சிக்கும் போக ஆரம்பித்தேன். 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டி, 2010 காமன்வெல்த் போட்டிக்காகப் புதுப்பித்த இடம். அங்கே குளிரின் கணக்கு வேறு. .22 தோட்டாவில் மருந்து எரிகிறது, ஈயக் குண்டின் மேல் மெழுகு பூசியிருக்கிறது. இரண்டும் குளிரை உணரும். மெழுகு இறுகும், வேகம் குறையும், குண்டு தாழும். பனிச்சறுக்கும் துப்பாக்கி சுடுதலும் சேர்ந்த பயத்லான் விளையாட்டுக்காரர்களுக்காக லாபுவா போலார் பயத்லான், எஸ்கே பயத்லான் என்று தனியாகத் தோட்டா செய்வதே அதனால்தான். டெல்லிக்கு அந்த அளவு தேவைப்படவில்லை. சாதாரண மேட்ச் தோட்டாவின் பெட்டியைச் சட்டையின் உள்பையில் வைத்திருந்து, நேரம் வரும்போது எடுத்தாலே என் குண்டுகள் நெருக்கமாக, சீராக விழ ஆரம்பித்துவிட்டன. இதில் எனக்கு ஒரு பருவ அனுபவம்தான், அதனால் இதற்கு மேல் அடித்துச் சொல்லமாட்டேன்.

ஏர் ரைபிளுக்கு இந்த அக்டோபரில் எட்டு டப்பா எடுத்துவைத்திருக்கிறேன், எல்லாம் ஒரே லாட். ஒவ்வொரு மூடியிலும் மார்க்கரால் தேதி, அறைச் சூடு, ஓட்டையின் அகலம். சுபேதார் ஐயா வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டார். ஞாயிறுதோறும் சோதனை அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறார். போன ஞாயிறு அறை 9 டிகிரி, ஓட்டை 5.6. மகிழ்ச்சியோடு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: "நல்லா இருக்கு. ஆனா மேலயும் கீழயும் ஒரு நூல் நீண்டிருக்கே. ரைபிள் எவ்ளோ நேரம் உள்ள இருந்துச்சு?"

இருபது நிமிடம்தான் வைத்திருந்தேன்.